மூச்சு விடாத பாட்டு

பழப் பையோடு பாப்பா வீட்டுக்குள் நுழைந்தபோது அடுக்களையில் ஒரு கூட்டமே நின்றுகொண்டிருந்தது. சும்மா நிற்கவில்லை, ஆணி அடித்து வைத்ததுபோல் நின்றது. அம்மா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணி தோளில் ஈரத்துணியைப் போட்டபடி நின்றாள். எதிர்வீட்டு அத்தையும் அவள் வீட்டுக்காரரும் அலமாரியை ஒட்டி நின்றார்கள். குழாய் ரிப்பேர்காரர் ஸ்பானரும் கையுமாக நின்றார். கதவோரம் அண்ணன், வேலைக்குப் போன சட்டை முதுகில் ஒட்டியிருக்க, தலையைக் குனிந்து நின்றான். வா என்றுகூட ஒருத்தரும் சொல்லவில்லை.

நடுவில் சாப்பாட்டு மேஜை. அதன்மேல் அம்மாவின் போன், ஸ்பீக்கர் போட்டபடி கிடந்தது. போன் முனகிக்கொண்டிருந்தது.

வார்த்தை கிடையாது, வாத்தியம் கிடையாது. வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுகிற ராகம் மட்டும். ஏறி, கொஞ்சம் நின்று, இழுத்து இறங்கி, மறுபடி ஏறியது. பழப் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அவளும் நின்றுவிட்டாள்.

இவர்கள் யார், எதற்கு இப்படிச் சிலையாக நிற்கிறார்கள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம் இவர்கள். ஊர் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அங்கே இருந்தவர்கள். வந்து குடியேறியவர்கள் எல்லாம் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, இருந்தவர்களுக்கு அக்கரைக்காரர்கள் என்று பெயர் வைத்தார்கள். நியாயமாகப் பார்த்தால் வந்தவர்கள்தான் அக்கரை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அக்கரையில் வீட்டுக்கு வீடு ஒரு பாட்டு உண்டு. ஒரு வீட்டுப் பாட்டை இன்னொரு வீடு தொடாது. அந்த வீட்டில் யாராவது செத்தால்தான் அதை எடுப்பார்கள். வீட்டின் கடைக்குட்டி தலைமாட்டில் நின்று முனகும். மற்ற நாளில் சமைக்கும்போதோ குளிக்கும்போதோ வாய் தவறிக்கூட அதை முனகக்கூடாது. பாட்டு காதில் விழுந்துவிட்டால், யார் வீட்டுப் பாட்டாக இருந்தாலும் சரி, எழுந்து நிற்க வேண்டும். முடிகிறவரைக்கும் உட்காரக்கூடாது, பேசக்கூடாது, விட்டுவிட்டுப் போகக்கூடாது, நடுவில் நிறுத்தவும் கூடாது. ஏனென்றால் செத்தவரை வழியனுப்புகிற நடை அது. பாட்டு இருக்கிறவரைக்கும் நாம் அவரோடு நடக்கிறோம். கடைசியில் ஒரு நீளமான இறக்கம் வரும். முனகுகிறவர் மூச்சு தீர்கிறவரைக்கும் அதை இழுத்து, தீர்ந்த இடத்தில் விட்டுவிட வேண்டும். அங்கேதான் நாம் நிற்கிறோம், அவர் போகிறார்.

இப்போது அடுக்களைக் கூத்து புரிந்திருக்கும். இரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் ஆபீஸை ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. முன்னே எல்லாம் நேரில் போய் நாலு கத்து கத்தினால் ஆள் வருவான். இப்போது போனில்தான் முறையிட வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு அம்மா நம்பரைப் போட்டாள். காத்திருங்கள் என்றது ஒரு குரல். பின்னாலேயே பாட்டு வந்தது. அப்பா செத்தபோது பாப்பா முனகி அனுப்பி வைத்த அதே பாட்டு. அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அண்ணி வந்து, கேட்டு, நின்றாள். ரிப்பேர்காரர் வந்து நின்றார். சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்த எதிர்வீட்டுக்காரர்கள் நின்றார்கள். அண்ணன் வேலையிலிருந்து வந்து நின்றான். நடுநடுவே அந்தக் குரல், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போனது. சாவு வீட்டில் விவரம் தெரியாமல் பேசுகிறவள் ஒருத்தியாவது இருப்பாள் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் அந்தக் கடைசி இறக்கத்துக்காகக் காத்திருந்தார்கள். அது வருகிறபாடாக இல்லை.

அது வராது. அந்த அடுக்களையில் பாப்பா ஒருத்திக்குத்தான் அது தெரியும். வெட்டி எடுத்தவளே அவள்தானே.

அம்மாவின் கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. முழங்கால் மடங்கப் பார்ப்பதும் மேடையை இறுக்கிப் பிடித்து நிமிர்வதுமாக இருந்தாள். ஏற்கெனவே மூட்டு வலிக்காரி. பாப்பா அதைப் பார்த்தாள். போனை அணைக்கலாம். அணைத்தால் பாதி வழியில் அப்பாவை விட்டுவிட்டு வந்ததாக ஆகும், அம்மா அதைத் தாங்கமாட்டாள். அணைக்காவிட்டால் அம்மா விழுந்துவிடுவாள். அவள் போய்ப் போனைக் கையில் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அதோடு சேர்ந்து முனகினாள். ஒட்டுப் போட்ட இடம் வந்தது. போன் மறுபடி மேலே ஏறப் போனது. அவள் ஏறாமல் இறங்கினாள். விரலால் சிவப்பு பொத்தானை அழுத்திவிட்டு, மூச்சு தீர்கிறவரைக்கும் தனியாக இழுத்து, தீர்ந்த இடத்தில் விட்டாள்.

எல்லாரும் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். ரிப்பேர்காரர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். அண்ணி வந்து பாப்பாவின் கன்னத்தைப் பிடித்தாள்.

"நீ மட்டும் வரலைன்னா நாளைக்கு வரைக்கும் நின்னிருப்போம் பாப்பா. நல்ல நேரத்துல வந்து முடிச்சு வெச்ச."

"இது எப்படி வெளிய போச்சு?" என்றான் அண்ணன். "எவன் எடுத்தான் நம்ம வீட்டுப் பாட்டை? பாப்பா, உனக்கு இந்தத் தொழில் தெரியும். யார் பண்ணினான்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"பாக்கறேண்ணா," என்றாள் பாப்பா.

பார்க்கிறாளாம். நாக்கு எப்படித்தான் புரண்டதோ. அம்மா தரையில் உட்கார்ந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலை நீட்டி, எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டு வரச் சொன்னாள், அவ்வளவுதான்.

முப்பது தாண்டிய பாப்பாவுக்கு ஊருக்குள் ஒரு ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் வேலை. விளம்பரத்துக்கு, லிஃப்டுக்கு, போனில் காத்திருக்கிறவர்களுக்கு என்று இசை செய்து விற்கிற கடை அது. அங்கே அவளுக்குக் காது என்று பட்டப்பெயர். இரண்டு துண்டு இசையை அவள் ஒட்டினால் ஒட்டு எங்கே இருக்கிறது என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. பாடுகிறவர்களின் மூச்சுச் சத்தத்தை ஒவ்வொன்றாகத் தேடி அழிப்பதிலும் அவளை மிஞ்ச ஆள் இல்லை. மூச்சு அந்தத் தொழிலில் அழுக்கு. துடைத்துப் போட வேண்டியது.

தான் அக்கரை என்பதை அவள் அங்கே யாரிடமும் சொன்னதில்லை. முதலில் யாரும் கேட்கவில்லை. அப்புறம் சொல்ல வாகாக இல்லை. அக்கரைக்காரனிடம் வழி கேட்டால் கூட்டம் போட்டு முடிவெடுத்துத்தான் இடது பக்கமா வலது பக்கமா என்று சொல்வான் என்று முதலாளி ஒரு ஜோக் அடிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். எல்லாருக்கும் முன்னால் சிரித்து எல்லாருக்கும் பின்னால் நிறுத்துவாள், சந்தேகம் வந்துவிடக்கூடாதே என்று.

அப்பா செத்த வருஷம் அது. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியவள், ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏதோ வேலையாக இருந்தாள். வாய் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்திருக்கிறது. எதிரில் மைக் திறந்திருந்தது. முதலாளி பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியாது.

"காது, இது என்ன? எங்க கேட்ட இதை?"

அந்த ஒரு நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டுச் சாவுப் பாட்டு, வாய் தவறிவிட்டது, அழித்துவிடுங்கள் என்றால் அழித்திருப்பார். மோசமான மனுஷன் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் அக்கரை என்பதையும் சொல்ல வேண்டும். அத்தனை நாள் சிரித்த சிரிப்புக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

"எங்கயும் இல்ல சார். நானே போட்டது."

முதலாளி அவள் தோளில் தட்டினார். அந்தத் தட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. அதைத்தான் பின்னால் நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது. அன்றைக்கே உட்கார்ந்து குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கி, ஆணா பெண்ணா என்று தெரியாதபடி செய்தாள். மூச்சை எல்லாம் துடைத்தாள். கடைசி இறக்கத்தை வெட்டித் தூரப் போட்டுவிட்டு, வாலைக் கொண்டுபோய்த் தலையில் ஒட்டினாள். சுற்றிச் சுற்றி வரும், முடியவே முடியாது. அப்படித்தான் வேண்டும், காத்திருக்கிறவன் எவ்வளவு நேரம் காத்திருப்பான் என்று யார் கண்டது? ஏதோ வெளிநாட்டுத் தண்ணீர்க் கம்பெனி வாங்கிக்கொண்டது, பல நாட்டில் ஆபீஸ் உள்ள கம்பெனி என்று முதலாளி பெருமையாகச் சொன்னார். எங்கோ ஒரு தேசத்தில் எவனோ கேட்கப்போகிறான், நமக்கென்ன என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்தக் கம்பெனி சுற்றிக்கொண்டு வந்து தன் வீட்டுக் குழாயிலேயே கை வைக்கும் என்று கனவா கண்டாள்?

இதில் இன்னொன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அக்கரைக் கரையில் ஓட்டல் கட்ட வந்தவர்கள், தங்க வருகிறவர்களுக்குச் சாயங்காலம் சாவுப் பாட்டு பாடிக் காட்டினால் எல்லாருக்கும் வேலை தருவோம் என்றார்கள். அக்கரையே திரண்டு நின்றது. கோர்ட்டுக்குப் போனார்கள். இவர்கள் சம்மதம் இல்லாமல் அக்கரையில் கல்லையும் நகர்த்தக்கூடாது, பாட்டையும் தொடக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. அந்தப் போராட்டத்தை நடத்தியவன் பாப்பாவின் அண்ணன். எங்கள் சாவு விற்பனைக்கு இல்லை என்று எழுதிய பேனரோடு ஊர் முழுக்க ஊர்வலம் போனார்கள். பேனரின் ஒரு முனையைப் பிடித்திருந்தது பாப்பா.

மறுநாள் காலையில் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். கூடம் என்றால் ஆற்றங்கரையில் தகரக் கூரை போட்ட நீளமான அறை, மடக்கு நாற்காலிகள், ஒரு பக்கம் சத்தம் போடுகிற மின்விசிறி. எதுவாக இருந்தாலும் அங்கே வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். முதலாளி ஜோக் சொன்னாரே, அந்தக் கூட்டம்தான்.

அன்றைக்கு வாத்தியாரையும் கூப்பிட்டிருந்தார்கள். வாத்தியார் ஊர்க்காரர், அப்பாவின் சிநேகிதர். கோர்ட்டு மனுவை உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர். அப்பாவின் சாவில் உள்ளே நிற்க அனுமதி வாங்கிய ஒரே வெளியாள் அவர்தான். அண்ணன் எழுந்து அவர் பக்கம் திரும்பினான். கேட்கப்போவது அவனுக்கே பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு உங்க சட்டைப் பையில போன் இருந்துச்சு."

"இருந்துச்சு," என்றார் வாத்தியார். "அணைச்சு வெச்சிருந்தேன்."

"நீங்க சொன்னா நம்பறேன் சார். ஆனா வெளியாளுன்னு அங்க நின்னது நீங்க ஒருத்தர்தான். இங்க இருக்கிறவங்க யாரும் செய்யமாட்டாங்க."

இங்கே இருக்கிறவர்கள் யாரும் செய்யமாட்டார்கள். பாப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். இப்போது எழுந்திருப்பாள், இதோ எழுந்திருப்பாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். எழுந்திருக்கவில்லை. சொல்லும்போதே எனக்குக் கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். எதிர்வீட்டு அத்தை எழுந்து, சார் அப்படிப்பட்டவர் இல்லை என்றாலும் இனிமேல் வெளியாட்கள் யாரையும் சாவில் சேர்க்க வேண்டாம் என்றாள். ரிப்பேர்காரரும் அதையே சொன்னார். பாப்பா தன் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் எழுந்தார். "நீங்க கேட்டதுல தப்பே இல்ல. உங்க பாட்டு. நீங்க கேக்காம யார் கேப்பாங்க? வர வேண்டாம்னா வரல," என்றார். வெளியே போகும் வழியில் பாப்பா பக்கம் வந்ததும் நின்றார்.

"நேத்து நீதான் முடிச்சு வெச்சியாமே. நல்ல காரியம் பண்ணினம்மா. உங்கப்பா நிம்மதியா போயிருப்பார்."

அவர் வாசலில் குனிந்து செருப்புக்குள் காலை நுழைத்தார். வயசானவர், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நுழைக்க முடிந்தது. பாப்பாவுக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை.

"சார், செருப்பைக் கழட்டுங்க. உள்ள வாங்க," என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அவர் எடுக்கல. நான்தான் கொடுத்தேன். என் வாயால முனகி, நானே வெட்டி ஒட்டி, நான் போட்டதுன்னு சொல்லி வித்தேன். போன்ல கேட்டீங்களே, அது என் குரல்." "நான் அக்கரைன்னு சொல்ல வெக்கப்பட்டேன். அதுக்காகச் செஞ்சேன்."

அண்ணன் கத்துவான் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் பரவாயில்லை. அவன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பேனரோட ஒரு முனையை நீதானே பிடிச்சிருந்த," என்றான்.

"ஆமாண்ணா."

"இன்னொரு முனையை நான் பிடிச்சிருந்தேன்." எழுந்து போய் வாத்தியாரின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து, தன் நாற்காலியில் உட்கார வைத்தான்.

முடிவெடுக்க மத்தியானம் ஆனது. யாரும் அவளைத் திட்டவில்லை. வீட்டை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. பாட்டை வெளியே விட்டவள்தான் அதைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றார்கள். எந்த நாட்டு போனிலும் அது கேட்காமல் ஆகிறவரைக்கும் அந்த வீட்டுக்குப் பாட்டு கிடையாது. அவளும் முனகக்கூடாது, வேறு யாரும் முனகக்கூடாது. அதற்குள் அந்த வீட்டில் சாவு விழுந்தால், போகிறவர் பாட்டில்லாமல்தான் போக வேண்டும்.

இதைச் சொன்னதும் எல்லார் கண்ணும் தன்னால் அம்மா பக்கம் போனது.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றாள் அம்மா. "எனக்கு இப்போதைக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

கூடம் சிரித்தது. பாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் கால் வீக்கம் அன்றைக்கும் வற்றவில்லை. டாக்டர் இதயத்தைப் பற்றிச் சொன்னது பாப்பாவுக்கும் அண்ணனுக்கும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் காலைத் தன் மடியில் போட்டுக்கொண்டு எண்ணெய் தேய்த்தாள். அண்ணி சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். பாப்பா தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தோலை உரிச்சிடாத," என்றாள் அம்மா. பிறகு சாவகாசமாகச் சொன்னாள். "எனக்குத் தெரியும். போன்லயே தெரிஞ்சு போச்சு."

பாப்பாவின் கை நின்றது.

"குரலை என்னென்னவோ பண்ணியிருந்த. இருந்தாலும் இறங்கற இடத்துல ஒரு இழுப்பு இழுப்பியே, உங்கப்பா மாதிரி, அது அப்படியே இருந்துச்சு. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏம்மா நின்ன? கால் இப்படி வீங்கற வரைக்கும்? போனை வெச்சிருக்கலாமே."

"எம் பொண்ணு பாடிக்கிட்டு இருக்கா. நடுவுல எப்படிடி வெக்கறது?"

பாப்பா அம்மாவின் காலில் முகத்தை வைத்து அழுதாள். அம்மா அவள் தலையைத் தடவவில்லை. அவளுக்கும் கோபம் இல்லாமல் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஆனா ஒரு தடவைகூட நீ மூச்சு விடல. எங்க விடுவா, எங்க விடுவான்னு பாத்துக்கிட்டே நின்னேன். மூச்சு முட்டிடுமோன்னு எனக்கு பயம். உன் மூச்சை என்னடி பண்ணி வெச்ச?"



திங்கட்கிழமை ஸ்டுடியோவில் முதலாளி முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"நீ போட்டதுன்னுதானே சொன்ன?"

"பொய் சொன்னேன் சார்."

"சரி. இப்பவும் பொய்யாவே இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். எங்க ஆளுங்களுக்குத் தெரியும். நான் அக்கரை சார்."

பக்கத்து மேஜைகளில் கீபோர்டுச் சத்தம் நின்றது. முதலாளியின் முகத்தில் ஏதோ ஓடியது. தான் அடித்த ஜோக்குகளை எண்ணிப் பார்க்கிறாரோ என்னவோ. பிறகு கையை விரித்தார்.

"என் கையில எதுவும் இல்ல காது. வித்தாச்சு. அது அவங்க சொத்து. வேணும்னா நீயே கூப்பிட்டுச் சொல்லிப் பாரு. அந்தக் கம்பெனில கஸ்டமர் கேரைத் தவிர வேற எந்த நம்பரும் வெளிய கிடையாது."

அவர் கிண்டலாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று தெரியவில்லை. அவள் தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்து அந்த நம்பரைப் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். ஒளித்து வைக்க இனி என்ன இருக்கிறது? காத்திருங்கள் என்றது அந்தக் குரல். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது.

பாட்டு ஆரம்பித்தது.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். முனகி முடித்து வைக்க அவளுக்கு இப்போது உரிமை இல்லை. அணைக்கவும் கூடாது. யாராவது எடுக்கிறவரைக்கும் நிற்க வேண்டியதுதான். பக்கத்து மேஜைப் பெண் அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலாளி எழுந்து வந்தார்.

"என்னம்மா இது? எடுக்க ரொம்ப நேரம் ஆகும். உக்காரு."

அவள் தலையை ஆட்டினாள். பேசக்கூடாது. ஆனால் அவர் அசையாமல் நின்று முகத்தையே பார்த்தார். இவர்களுக்கு இனிமேலாவது சொல்லாமல் இருக்கக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. அக்கரையின் விதியை வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக மீறினாள்.

"உக்காரக்கூடாது சார். சாவு."

"யார் செத்துட்டா?"

"எங்கப்பா."

"அவர் போய் ரொம்ப நாளாச்சேம்மா. லீவு போட்டுட்டுப் போனியே."

"செத்துட்டார் சார்," என்றாள் பாப்பா. "ஆனா இன்னும் போய்ச் சேரல. நான்தான் விடல."

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. போன் மூச்சு விடாமல் முனகிக்கொண்டே இருந்தது, அவள் நின்றுகொண்டே இருந்தாள்.